பூட்டிய மாடிகளும் அஞ்சடியில் படுப்பவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வீதியிலும் அஞ்சடியிலும் (கடைவீடுகளின் முன்னே உள்ள கூரையிட்ட நடைபாதை) படுப்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'பிடித்துக்கொண்டு போய் எங்காவது சேர்த்துவிடுங்கள்' என்பதுதான் முதல் யோசனையாக வருகிறது. அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி, தங்க இடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று ஆண்டு வரை இல்லத்தில் வைக்கலாம். அப்படிப்பட்ட இல்லங்கள் இருப்பது தொலைவில், பகாங்கின் ஜெராந்துட்டிலும் ஜொகூரின் மெர்சிங்கிலும். மனநல சிகிச்சையில் இருப்பவர் அங்கே போனால் அவருடைய மருத்துவக் கோப்பும் பின்னாலேயே போக வேண்டும். யாராவது நினைவு வைத்துக் கேட்டால்தான் அது நடக்கும்.

தெருவில் இருக்கும் மனநோயாளி ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று கேட்கிறார்கள். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை போட்டால் அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வரும். அஞ்சடியில் அப்படித் தூங்கினால் விடிவதற்குள் செருப்பு, பை, அடையாள அட்டை எல்லாம் காணாமல் போயிருக்கும். விழித்திருப்பதே அவருக்கு லாபம், மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் இன்னும் கறாரானது. முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேரே திரும்ப முடியாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். சனிக்கிழமை இரவு தூணோரம் இருந்த பிளாஸ்டிக் பையைத் துப்புரவு லாரி அள்ளிக்கொண்டு போனால், பல வாரச் சிகிச்சையும் அதோடு போகிறது.

தினசரி மாத்திரைக்குப் பதிலாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இவர்களுக்கு ஏற்றதுதான். ஆனால் தேதி தவறினால் தேடிப்போக முகவரி வேண்டுமே. 'கொம்தார் கட்டடம், மூன்றாவது தூண்' என்று கார்டில் எழுத முடியாது. செலவைக் குறைக்கச் சொன்னால் நிர்வாகங்கள் முதலில் கைவைப்பது தாதியரின் வீட்டு வருகையில்தான் என்பது எங்கள் கருத்து. அது நின்றால் வரிசையில் நின்று புகார் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், பாருங்கள்.

முகவரிக்கு எங்கே போவது? லெபோ சூலியா, லெபோ பந்தாய் தெருக்கள் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். கீழே வியாபாரம், மேலே சன்னல் அடைத்த மாடி. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000இல் வாடகை அவிழ்த்துவிடப்பட்டதும் உள்நகரக் குடும்பங்கள் வெளியேறின. பல மாடிகள் அதற்குப் பிறகு நிரம்பவே இல்லை.

இவர்களைத் தங்கவைக்க எல்லா மாடியும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மரப்படிக்கட்டு இருந்தால், கீழே தீப்பிடிக்கும்போது அதுவே புகைபோக்கி ஆகிவிடும். வெளியேற இரண்டாவது வழி இல்லாத கட்டடத்தைத் தொடவே கூடாது. பலகைத் தரைக்கு அடியில் தீ தாங்கும் கூரைத்தட்டு அடிக்க வேண்டும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் உளுத்திருக்கும். பெயிண்ட் அதை மறைத்துவிடும், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரியும். முதலில் கூரை ஓடுகளும் மழைநீர்க் கால்வாயும், பிறகு வயரிங், கடைசியில்தான் பெயிண்ட். வரிசையை மாற்றித் திறப்புவிழா நடத்தினால் அக்டோபர் மழையில் மெத்தை நனையும். உலகப் பாரம்பரிய வட்டாரம் என்பதால் பயன்பாட்டை மாற்ற மாநகர் மன்ற அனுமதி தேவை. அதைவிடப் பெரிய தலைவலி பட்டா: பாட்டனார் பெயரில் கிடக்கும், வாரிசுகளில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார், கையெழுத்து வராது.

ஆகவே உரிமையாளர் தெளிவாக உள்ள நான்கைந்து மாடிகளை மாநகர் மன்றமே பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கட்டும். வரிசைக் கட்டில் வேண்டாம். உள்ளிருந்து தாழிடும் சிறு அறை, மருந்துக்குப் பூட்டுள்ள அலமாரி, இரவில் ஒரு காவலாளி. மனநல வார்டிலிருந்து ஒருவரை அனுப்பும் கடிதத்தில் முகவரிக் கட்டம் காலியாக இருந்தால், மறுநாள் அல்ல, அன்று மாலையே சமூக நல இலாகா அந்த அறைச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள் சிலர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு