5.5 விநாடியும் 5.7 விநாடியும்: கயலுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

100 கிலோமீட்டர் வேகத்தை 5.5 விநாடியில் தொடும் டீசல் காரைவிட, 5.7 விநாடி எடுத்துக்கொள்ளும் மின்சாரக் கார் விரைவாகப் பாய்வதுபோல் தோன்றுவது ஏன் என்று கேட்டிருந்தாய். அது வெறும் தோற்றம் இல்லை, கண்ணு. நீ அன்றாடம் ஓட்டுகிற விதத்தில் மின்சாரக் கார்தான் முந்திக்கொள்ளும்.

நீ பார்த்து வைத்திருக்கும் 2019-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 330டி டீசல் கார், ஆறு சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் எஞ்சின்; 265 குதிரைத்திறன், 580 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை. அதே நிறுவனத்தின் ஐ4 இடிரைவ்40 மின்சாரக் காருக்கு 340 குதிரைத்திறன், 430 நியூட்டன் மீட்டர். பேட்டரியின் கனத்தால் ஐ4 ஏறக்குறைய நானூறு கிலோ அதிகம். எடையால் வகுத்துப் பார்த்தால் டன் ஒன்றுக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே குதிரைத்திறன்தான். விநாடிக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதில் வியப்பில்லை. 0.2 விநாடி என்பது 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரை மீட்டர். ஒரு காரின் நீளத்தைவிடச் சற்றே கூடுதல்.

ஆனால் அந்த 5.5 எப்படிப் பிறக்கிறது என்று பார். இத்தகைய கார்களில் பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரையும் அழுத்தி, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவில் காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, பிறகு பிரேக்கை விடுகிறார்கள். அந்த அழுத்தம் ஏறப் பிடிக்கும் தாமதமெல்லாம் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே கழிந்துவிடுகிறது. சாலையில் யார் அப்படிக் கிளம்புகிறார்கள்?

நீ டீசல் காரில் ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் விரைவுச்சாலையில், போவதை நினைத்துக்கொள். முன்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி. அதன் பின்னால் நீயும் அதே வேகத்தில் போகிறாய். எட்டு கியர் கொண்ட பெட்டி எரிபொருளை மிச்சப்படுத்த உயர்ந்த கியரில் இருக்கும். எஞ்சின் அடங்கி ஓடும். முந்துவதற்கான இடது பாதைக்கு மாற ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறாய். முதலில் கியர் பெட்டி சில படிகள் கீழே இறங்க வேண்டும். கூடுதலாக டீசலை எரிக்க வேண்டுமானால் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தள்ளுவது டர்போ; டர்போவைச் சுழற்றுவதோ எஞ்சினிலிருந்து வெளிவரும் புகை. புகை பெருகினால்தான் காற்று பெருகும், காற்று பெருகினால்தான் புகை பெருகும். இந்தச் சங்கிலி இறுகிய பிறகுதான் 580 நியூட்டன் மீட்டரும் சக்கரத்துக்கு வந்து சேரும். மிக நல்ல எஞ்சினிலும் இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இடது பாதையில் பின்னால் 180-இல் ஒருவர் வருகிறார் என்று வை. அங்கே பல இடங்களில் வேக வரம்பே இல்லை; 130 என்பது பரிந்துரைதான். உனக்கும் அவருக்கும் வேக வேறுபாடு 100. அதாவது விநாடிக்கு 28 மீட்டர். உன் கார் யோசிக்கிற ஒரு விநாடியில் அவர் 28 மீட்டர் நெருங்கிவிடுவார். அம்மாவுக்குக் கவலை தருவது இந்த 28 மீட்டர்தான். அந்த 5.5-க்கும் 5.7-க்கும் உள்ள வேறுபாடு இல்லை.

மின்மோட்டாரில் இந்தச் சங்கிலியே கிடையாது. மிதியின் நிலையைப் பார்த்து மின்னணுச் சுற்று மின்னோட்டத்தைக் கூட்டுகிறது, மோட்டாருக்குள் காந்தப்புலம் வலுக்கிறது, சக்கரம் சுழல்கிறது. மாற்றுவதற்குக் கியர் இல்லை. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கும். தாத்தா தோட்டத்துக் கிணற்றில் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் மாட்டிய அன்று, சுவிட்சைத் தட்டியதும் தொட்டியில் தண்ணீர் விழுந்ததே, அதே மோட்டார் தத்துவம்தான். உலகில் முதன்முதலாக 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரும் மின்சாரக் கார்தான்: 1899-இல் பாரிஸ் அருகே அஷேரில், காமி ஜெனாட்ஸி ஓட்டியது. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மகிழ்ச்சி பொங்கும்.

டீசலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வேகம் ஏற ஏற மோட்டாரின் உதைப்பு தளர்ந்துவிடும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. திறன் உச்சத்தைத் தொட்டுவிட்டால், வேகம் இரட்டிக்கும்போது விசை பாதியாகும். 50-இல் முதுகை இருக்கையோடு அழுத்துகிற கார் 160-இல் அப்படி அழுத்தாது. ஐ4-இன் வேகம் 190-க்கு மேல் ஏறாது. டீசலோ கியரை மாற்றி மாற்றித் தன் உச்சத் திறனுக்குப் பக்கத்திலேயே இருந்து, 250 வரை போகும். அந்த ஆறு சிலிண்டரின் சீரான இழுப்பு பொறியியலின் அழகு. ஆனால் நீ 190-க்கு மேல் போகப் போவதில்லை. போகக் கூடாது.

என் கருத்து, ஐ4-ஐ வாங்கு. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சட்டென்று வரும் விசையைத் தாங்குவது டயர்தான். மழையில் நனைந்த சாலையில், அதுவும் வளைவில், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுவால்கூட இல்லாத உராய்வை உண்டாக்க முடியாது. முதல் சில வாரம் பாதத்தை மெல்லப் பழக்கு. மியூனிக்கில் பனிக்காலக் காலையில் பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தால் முழுத் திறனும் தராது. சார்ஜ் மிகவும் குறைந்திருந்தாலும் அப்படித்தான். முந்த வேண்டிய நேரத்தில் அது நினைவில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் இன்னொரு முறை இரண்டையும் ஓட்டிப் பார். நின்ற இடத்திலிருந்து சோதிக்காதே. சாலை காலியாக இருக்கும்போது 80-லிருந்து 120-க்கு ஏற்று. ஐ4-இல் பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒரு தடவை. பக்கத்தில் மாப்பிள்ளை கடிகாரம் பிடிக்கட்டும். நீ சாலையை மட்டும் பார். மிதித்த கணத்திலிருந்து எண்ணச் சொல், கார் பாயத் தொடங்கிய கணத்திலிருந்து வேண்டாம். எண்களை எனக்கு அனுப்பு, வரைபடம் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா