கணினியைக் குறை சொல்லுமுன் கேபிளை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பவன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆய்வகப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். நம் மாவட்டத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மட்டுமன்றி, இறால் பண்ணைகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும்கூட லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடும், உள்ளங்கையளவே உள்ள கணினிகள் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2012-ல் ராஸ்பெரி பை வெளிவந்தபின் பரவலான இவ்வகைக் கணினிகளை மாணவர்கள் 'பை போர்டு' என்றே பொதுவாக அழைக்கிறார்கள். இவற்றைப் பயன்படுத்துவோர் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: யுஎஸ்பியில் பொருத்திய கருவி திடீரென்று காணாமற்போகிறது, சற்று நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது, மறுபடியும் போய்விடுகிறது. நான் பார்த்தவரையில் இதற்கு அநேகமாக மின்சாரம் கொண்டுவரும் அடாப்டரும் கேபிளும்தான் காரணம். அவற்றைக் கணினியின் ஓர் உறுப்பாகக் கருதி வாங்காததால், நல்ல நிலையில் உள்ள போர்டுகள் 'யுஎஸ்பி பழுது' என்று அலமாரிக்குள் போகின்றன. இதைத் தங்கள் நாளிதழ் வழியாக ஆசிரியர்கள், பண்ணையாளர்கள், கொள்முதல் செய்யும் அலுவலர்கள் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பரங்கிப்பேட்டைக்கு அருகே என் மைத்துனர் இறால் பண்ணை நடத்துகிறார். குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரவு முழுவதும் குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன்னர்தான் அடிமட்டத்தைத் தொடும். பகலில் ஆக்சிஜனை உண்டாக்கும் நுண்பாசிகளே இரவில் அதைச் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. ஆகவே அவர் ஆக்சிஜன் உணரி ஒன்றை வாங்கி, உணரியின் ஆர்எஸ்-485 கம்பி இணைப்பை யுஎஸ்பிக்கு மாற்றித்தரும் கன்வெர்ட்டர் மூலம் பை போர்டின் யுஎஸ்பியில் இணைத்து, அளவு குறைந்தால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப டாங்கிள் என்னும் சிறு யுஎஸ்பி மோடம் ஒன்றையும் பக்கத்திலேயே செருகி வைத்திருந்தார். கடந்த ஐப்பசியில், பகல் முழுவதும் மூடாப்பாக இருந்த ஒரு நாளின் மறு விடியற்காலையில், இறால்கள் கரையோரம் மேலே வந்து தத்தளிப்பதைக் காவலாளி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஓடிப்போய், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களைப் போட்டார். குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. கணினி நின்றுபோகவும் இல்லை; ஆனால் இரவு 2.40 மணிக்குப் பின் ஓர் அளவுகூட அதில் பதிவாகவில்லை.

முதலில் உணரியை மாற்றினார்கள். அடுத்து கன்வெர்ட்டரை மாற்றினார்கள். பிறகு, விற்ற கடையிலிருந்து வந்தவர் போர்டே போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். போர்டுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது பழைய கைபேசி சார்ஜரும், சந்தையில் வாங்கிய இரண்டு மீட்டர் நீளக் கேபிளும். சார்ஜர் முனையில் 5.1 வோல்ட் சரியாக இருந்தது. போர்டில் நாற்பது ஊசிகள் கொண்ட வரிசையில் 2-ஆம் ஊசிக்கும் 6-ஆம் ஊசிக்கும் இடையில் அளந்தால் 4.7 காட்டியது, டாங்கிள் செய்தி அனுப்பும் நேரத்தில் 4.4-க்கு இறங்கியது. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னழுத்தக் குறைவு என்று பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டது. டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைக் கொடுத்து லினக்ஸின் உள்பதிவைப் பார்த்தபோது விஷயம் நேர வரிசையில் அப்படியே இருந்தது: முதலில் மின்னழுத்தக் குறைவு என்ற வரி, அதை ஒட்டி யுஎஸ்பி துண்டிப்பு என்ற வரி, பிறகு கருவியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பதைக் குறிக்கும் −71 என்ற பிழை எண், கடைசியாகக் கன்வெர்ட்டர் மறுபடி அடையாளம் காணப்பட்ட வரி. குளத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் செய்தி அனுப்ப டாங்கிள் விழிக்கிறது. அது இழுக்கும் மின்சாரமே டாங்கிளையும் கன்வெர்ட்டரையும் சேர்த்துத் துண்டித்துவிடுகிறது. எந்த நேரத்தில் கருவி பேசியாக வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது வாயடைத்துப் போயிருக்கிறது.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. துண்டிப்பு ஒரு நொடிதான் நீடித்தது; அதற்குள் கன்வெர்ட்டர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் முன்பு 0 என்ற எண்ணில் இருந்த கன்வெர்ட்டரின் தொடர் இணைப்பு (சீரியல் போர்ட்), திரும்பி வந்தபோது 1 என்ற எண்ணைப் பெற்றுவிட்டது. உணரியின் அளவுகளைப் படிக்கும் நிரல் பழைய எண்ணை இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால் லினக்ஸ் அடுத்த எண்ணைக் கொடுத்தது. நிரலோ, ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதுபோல் விடியும்வரை பழைய எண்ணிலேயே காத்துக்கிடந்தது. இவ்வாறு மாறும் எண்ணை நம்பாமல், கருவியின் வரிசை எண்ணை வைத்தோ அது செருகப்பட்ட துளையின் இடத்தை வைத்தோ லினக்ஸ் தானாகவே உருவாக்கித்தரும் நிலையான பெயரை நிரலில் எழுத வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் வரிசை எண்ணே இருப்பதில்லை. அவற்றுக்குத் துளையின் இடத்தைக் குறிக்கும் பெயர்தான் பொருந்தும். துண்டிப்பு ஏற்பட்டால் இணைப்பை மூடிவிட்டு மறுபடி திறக்கும் நாலு வரிகளையும் நிரலில் சேர்த்தாக வேண்டும். மாணவர்களுக்கு நிரல் சொல்லித்தருவோர் இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் இதைத்தான் எவரும் பார்ப்பதில்லை. கடைகளில் கிடைக்கும் மெல்லிய யுஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் கொண்டுபோகும் கம்பி பல நேரங்களில் 28 கேஜ்தான் (கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்). அந்தத் தடிமனில் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு கம்பிகள் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம் சேர்கிறது. 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும், 5.1 வோல்ட்டாகப் புறப்பட்டது 4.26 ஆகத்தான் போய்ச்சேரும். இதே நீளத்தில் 20 கேஜ் கம்பி இருந்தால் இழப்பு சுமார் 0.13 வோல்ட் மட்டுமே. கேபிளின் வெளித்தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மேலுறை தடிமனாகவும் பின்னல் துணி சுற்றியும் இருக்கும் கேபிளுக்குள் நூல்போன்ற கம்பி இருப்பதை நானே அறுத்துப் பார்த்திருக்கிறேன். இழப்பு ஓடும் மின்சாரத்தைப் பொறுத்தது என்பதால், எதையும் செருகாமல் மேசைமீது வைத்துச் சோதிக்கும்போது போர்டு ஒழுங்காக ஓடும். ஹார்டு டிஸ்கையோ கேமராவையோ டாங்கிளையோ இணைத்தபின் மக்கர் செய்யும். கடைக்காரர் முன்னிலையில் வேலை செய்த பொருள் வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போவதாகத் தோன்றுவது இதனால்தான்.

கைபேசி சார்ஜர் ஏன் போதாது என்று பலர் கேட்கிறார்கள். கைபேசிக்குள் பேட்டரி இருக்கிறது. மின்னழுத்தம் சற்று இறங்கினால் மெதுவாக சார்ஜ் ஏறும், அவ்வளவுதான். இந்தக் கணினியில் அப்படி இடைதாங்க எதுவும் இல்லை. வாட் எண்ணைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. 65 வாட் மடிக்கணினி அடாப்டர் என்பது 20 வோல்ட்டில் அவ்வளவு தரும் என்று பொருள். 5 வோல்ட்டில் அது வழக்கமாகத் தருவது 3 ஆம்பியர்தான். ராஸ்பெரி பை 4-க்கு அது போதும். 5-ஆம் பதிப்புக்கு 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. அது இல்லாவிட்டால் அந்தக் கணினி தன் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர் மட்டுமே கொடுக்கும்படி தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். கையடக்க ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஏறத்தாழ 1 ஆம்பியர் கேட்கும். அந்நிலையில் டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்துவிட்டு நின்றுபோனால் அது டிஸ்கின் குற்றமாகாது. இத்தகைய கருவிகளை, ஒரு துளையைப் பலவாக்கித்தரும், தனி மின்னிணைப்பு உள்ள யுஎஸ்பி ஹப்பில் செருகுவதே முறை.

கடலூரில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில், 'யுஎஸ்பி வேலை செய்யவில்லை' என்று துண்டுச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருந்த போர்டுகளை அந்த ஆசிரியை எனக்குக் காட்டினார். சரியான அடாப்டரில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். ஒன்றைத் தவிர அனைத்தும் ஓடின. அந்த ஒன்றில் மட்டும் துளைக்குள் இருக்கும் நாக்கு உண்மையாகவே உடைந்திருந்தது. ஓராண்டு முழுவதும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அவை பூட்டிக்கிடந்ததை எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த ஆசிரியைமீது குறை சொல்ல ஒன்றுமில்லை. போர்டுகளை அனுப்பியவர்கள் அடாப்டரை அனுப்பவில்லை, அவர் தம் கைக்காசில் கிடைத்ததை வாங்கிப் போட்டிருந்தார்.

மின்சாரம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஓடும்போது கணினியின் வைஃபையோ கம்பியில்லா மவுஸோ தடுமாறினால், அந்த இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழுப்பும் இரைச்சல் காரணமாக இருக்கலாம். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை விளக்கி வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரைச் சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் போதும். சில டிஸ்க் உறைகளில் உள்ள சிப், டிஸ்கோடு தரவு பரிமாற லினக்ஸ் பயன்படுத்தும் வேகமான யுஏஎஸ் முறையோடு ஒத்துப்போவதில்லை; அந்த உறைக்கு மட்டும் அம்முறையை நிறுத்திவைக்க, லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில் இடம் உண்டு. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கரையோரத்துக்கே உரிய தொல்லை உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ திறந்த சன்னல் அருகே ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்த யுஎஸ்பி துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல் பச்சை பூத்திருக்கும். மைத்துனரின் கன்வெர்ட்டர் முனையிலும் அப்படித்தான் இருந்தது. மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, கைபேசி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருக வேண்டும். அரிப்பு அதிகமாக இருந்தால் துடைப்பதில் பயனில்லை, முனையை மாற்றிவிடுவதே நல்லது. கருவியை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தையும் உள்ளே போட்டு வைக்கலாம்.

அளந்து பார்க்க முனையும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 5 வோல்ட் உள்ள 2-ஆம் ஊசியும், 3.3 வோல்ட் உள்ள 1-ஆம் ஊசியும் அருகருகே இருப்பவை. மீட்டரின் முனை வழுக்கி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் போர்டு அந்தக் கணத்திலேயே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். திரையைப் பொருத்தியிருந்தால், அதன் வலது மேல்மூலையில் மின்னல் குறி தோன்றுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. மேலும், நொடிக்கும் குறைவாக வந்துபோகும் இறக்கத்தை மீட்டர் காட்டாது, உள்பதிவுதான் காட்டும். இந்த மின்னல் குறி ராஸ்பெரி பைக்கு உரியது. பிற நிறுவனங்களின் போர்டுகளில் அதை எதிர்பார்க்கக்கூடாது.

2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலையும், அதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. ஆற்று நீர்மட்டத்தை அளந்து சொல்லும் கருவிகளை இந்தச் சிறுகணினிகளைக் கொண்டு செய்துபார்க்க நம் பொறியியல் மாணவர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள். அக்கருவிகளும் பண்ணைக் கருவியைப்போல் வேண்டிய வேளையில் துண்டிக்கப்படக்கூடாது.

ஆகவே, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இக்கணினிகளைக் கொள்முதல் செய்யும் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இது. விலைப்பட்டியல் கேட்கும்போதே, 'போர்டின் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அதே அளவுள்ள, கேபிள் நிலையாகப் பொருத்தப்பட்ட அடாப்டருடன்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேபிள் வாங்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு மிகாமல், 20 கேஜ் கம்பி என்று எழுதிக் கேளுங்கள். அடாப்டரின்மேல் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம். அது பாதுகாப்புக்கு உறுதி தருகிறதே தவிர, கேபிளுக்குள் இருக்கும் செம்பின் தடிமனைச் சொல்வதில்லை. அதை உறைமேல் அச்சிடும்படி விற்பனையாளர்களிடம் கேட்க வேண்டியவர்கள் வாங்குகிற நாம்தான்.

பண்ணையில் இப்போது அதே பழைய போர்டுதான் ஓடுகிறது. அதற்குரிய அடாப்டரை வாங்கிப் பொருத்தினோம், டாங்கிளைத் தனி மின்னிணைப்புள்ள ஹப்புக்கு மாற்றினோம், நிரலில் நிலையான பெயரை எழுதினோம். கழற்றிய கேபிளை நான் என்னிடம் வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி அழைத்தாலும் கொண்டுவந்து, மாணவர்கள் முன்னிலையில் அளந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் பயிற்றுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்-1.