ஒளியை முந்தும் கலம்: கணக்கு வேறு, கலம் வேறு

ஒளியைவிட வேகமான விண்பயணம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 1994-இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியெர்ரே இத்தகைய பயணத்துக்காக வெளியிட்ட கணக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு உட்பட்டதுதான். அதன்படி, கலத்தின் முன்னே விண்வெளியே சுருங்கும், பின்னே விரியும். ஆனால் அதற்கு வேண்டிய எதிர்மறை ஆற்றலை (வெற்றிடத்தைவிடவும் குறைந்த ஆற்றல்) அந்த அளவில் திரட்ட இன்றுவரை எவருக்கும் வழி தெரியாது. செய்தியில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே!

2011-இல் ஒரு சோதனையில் நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் ஒளியை 60 நானோவினாடி முந்தியதாக வந்த செய்தியை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிய இயற்பியல் ஆசிரியர் நான். மறு ஆண்டே, அந்தச் சோதனைக் கருவியில் சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்தத் திருத்தத்தையும் அருகிலேயே ஒட்டினேன். மாணவர்கள் அதைத்தான் நெடுநேரம் நின்று படித்தார்கள். இனி இத்தகைய செய்திகளுடன், எது கணக்கு, எது சோதனையில் உறுதியானது என்று விளக்கும் சிறு பெட்டிச் செய்தியையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.