பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணுக்கு ஆங்கிலம்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே ஈப்போவில் சாயங்காலமானால் மழை. நான் இன்னும் டியூஷனை விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் சீனப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள்தான்.

உன் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை என்று நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தாயாமே. கட்டத்தை அப்படியே ஒப்பிக்கிறாள், கட்டுரையில் கோட்டை விடுகிறாள் என்கிறாய். விடத்தான் செய்வாள். முதலாம் ஆண்டிலிருந்து சீன எழுத்துகளை எழுதி எழுதி வளர்ந்த பிள்ளைக்கு மனப்பாடம் ஒரு சுமையே இல்லை. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதுதான் புதிது.

மாண்டரினில் 'செங்கோங்' என்ற ஒரே சொல் வெற்றி, வெற்றி பெறு, வெற்றிகரமான என்று எல்லா வேலையும் பார்க்கும், உருவம் மாறாது. அதனால் 'ஹி சக்ஸஸ்' என்று எழுதினால் அவளுக்கு எதுவும் உறுத்தாது. காலமும் அப்படியே. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் போதும், வினைச்சொல் அசையாது. நாம் படித்தான், படிக்கிறான் என்று பேசி வளர்ந்தவர்கள், அந்தத் தொல்லை நமக்கு அவ்வளவாக இல்லை.

காதையும் கவனி. மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ன், ங் என்று மூக்கொலியில். 'வொர்க்ட்' என்று நீ சொல்லும்போது கடைசி 'ட்' அவள் காதில் விழுவதே இல்லை. விழாததை எப்படி எழுதுவாள்? வாய்விட்டு வாசிக்கச் சொல், கடைசி ஒலியை விழுங்க விடாதே. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில், 2021 முதல் ஆங்கிலத்தில் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனித்தனித் தாள் இருக்கிறது, அதற்கும் உதவும்.

அப்புறம், அவளுக்கு மலாய் தெரியுமல்லவா, அதைப் பிடித்துக்கொள். 'துலிஸ்' என்று கொடுத்தால் மெனுலிஸ், பெனுலிஸ், துலிசான் என்று கடகடவென்று சொல்வாள். எழுதுவது, எழுதுகிறவர், எழுத்து. வாக்கியத்தில் எதை எங்கே போடுவது என்பதும் தெரியும். புகுமுக வகுப்பில் நாம் இந்த இம்புஹானோடு, அதாவது மலாய்ச் சொல்லின் முன்னும் பின்னும் சேரும் ஒட்டுகளோடு, மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? ஆங்கிலமும் இதைத்தான் செய்கிறது, பெரும்பாலும் முன்னால் ஒட்டாமல் பின்னால் ஒட்டுகிறது என்று காட்டினால் பிள்ளைகள் முகம் தெளிந்துவிடும். இவ்வளவு கையருகில் இருப்பதை டியூஷன் புத்தகங்கள் ஏன் தொடுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் காலத்துக்கு மலாய் கைகொடுக்காது. அங்கேயும் வினைச்சொல் காலத்துக்காக மாறாது. அதற்குப் பயிற்சிதான்.

நான் செய்வது இது: வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடுவேன். சொல்லைக் கேட்க மாட்டேன். அந்த இடத்தில் என்ன வேலை என்று கேட்பேன். முன்னால் 'வெரி' நிற்கிறதா, பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா? அதைச் சொன்ன பிறகுதான் 'டிசைட்' என்பதை 'டிசிஷன்' ஆக்கலாம். எழுத்து மாறும் சொற்களை மட்டும் தனியாக எழுதிப் பார்க்கட்டும். 'எக்ஸ்ப்ளெயின்' 'எக்ஸ்ப்ளனேஷன்' ஆகும்போது ஓர் எழுத்து காணாமல் போகும், 'ப்ரொனவுன்ஸ்' 'ப்ரொனன்ஸியேஷன்' ஆகும்போதும் அப்படியே. 'லி' என்று முடிந்தாலும் 'ஃப்ரெண்ட்லி' வினையடை இல்லை, பெயரடை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு.

போன வாரம் ஒரு பையன் தன்னைப் பற்றி 'ஐ ஆம் வெரி போரிங்' என்று எழுதியிருந்தான். சலித்துப்போயிருக்கிறேன் என்று சொல்ல வந்தவன், நான் சலிப்பூட்டுகிறவன் என்று எழுதிவிட்டான். வகுப்பே சிரித்தது, அவனும்தான்.

அவள் எழுதிய கட்டுரை ஒன்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நீ திருத்தாமல் அனுப்பு, உன் சிவப்பு மையைப் பற்றி எனக்குத் தெரியும். தீபாவளிக்குக் கிள்ளான் வருவேன், முறுக்கு மாவு நீ அரைத்து வை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி