தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய், அதனால் தபால். அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது. பால் வாங்கப் போகும்போது நானே பெட்டியில் போட்டுவிடுவேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற்றத்திலிருந்தே வந்து இருப்பேன் என்று சொன்னாயாம். அப்பாவுக்கு ஏக சந்தோஷம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். வருஷா வருஷம் எதிர்சேவை ராத்திரிக்கு வந்து, அழகர் ஆற்றில் இறங்கின மத்தியானமே பஸ் ஏறுகிறவன் நீ. இத்தனை நாள் லீவு தருகிற நல்ல மேனேஜர் இப்போது வாய்த்திருக்கிறார் போல. சரி.

சின்ன அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய் வந்தோம். மாப்பிள்ளைப் பையன் வடபழஞ்சி எல்காட் ஐடி பார்க்கில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். இலந்தைக்குளம் ஐடி பார்க்கிலும் அவனுக்கு ஆள் தெரியுமாம். மாட்டுத்தாவணி டைடல் பார்க்குக்கு 2025-ல் அடிக்கல் நாட்டினார்களே, அதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். சும்மா சொன்னேன். சாப்பாட்டில் ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

போன வாரம் பாங்குக்குப் போய் நம் ஜாயிண்ட் கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து வந்தேன். பாஸ்புக் மிஷின் நிற்கிற இடத்தில்தான் என் கவுண்டர் இருந்தது. நீ ஸ்கூல் விட்டு வந்து பித்தளை டோக்கன்களை அடுக்கி விளையாடுவாயே, அதே மூலை.

மிஷினை நான் திட்டமாட்டேன். அது வருவதற்கு முன்னால் சேமிப்புக் கணக்கு வட்டியை எப்படிப் போட்டோம் தெரியுமா? மாதத்தில் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. சிம்மக்கல் பழக்கடை அண்ணன் 12ஆம் தேதி பணம் கொண்டுவந்து போட்டால் அந்த மாதத்துக்கு அதற்கு வட்டி கிடையாது. 10ஆம் தேதிக்கு முன்னாலேயே போட்டிருந்து, சரக்கு எடுக்க 25ஆம் தேதி எடுத்தாலும் போச்சு. எங்கள் கை அதற்கு மேல் கணக்குப் போடாது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. லெட்ஜர் காலத்தில் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. அந்த அண்ணனுக்கு வரவேண்டிய காசை அவருக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர்தான்.

இதே கம்ப்யூட்டருக்கு எதிராக வாசல் கூட்டத்தில் நின்று கோஷம் போட்டவள்தான் நானும். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை. 1983, 1987, 1993 என்று சங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டதால்தான் மிஷின் படிப்படியாக வந்தது, அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தனி அலவன்ஸும் வந்தது. உங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. உங்களில் யாராவது கேட்டீர்களா? சங்கம் என்றாலே உனக்குச் சிரிப்பு.

அதனால் ஒன்று சொல்கிறேன். ஹெச்ஆர் ரூமில் உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. 'நீங்களாகவே ராஜினாமா செய்தால் உங்களுக்குத்தான் நல்லது' என்று இனிக்க இனிக்கப் பேசுவார்களாம். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடு. நோட்டீஸ் சம்பளம் எவ்வளவு, கிராஜுவிட்டி எவ்வளவு, எல்லாம் எழுத்தில் வாங்கு. உன் அனுபவக் கடிதத்தில் என்ன எழுதுவார்கள் என்றும் கேள். 2000, 2001-ல் அரசு பாங்குகளில் விஆர்எஸ் என்று விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே போனார்கள். மாமாவும் மொத்தமாக வந்த பணத்தைப் பார்த்துத்தான் போனார். அந்த ஊமச்சிகுளம் பிளாட் கதையை நான் எழுத வேண்டியதில்லை.

நீ வேலையில் சேர்ந்த புதிதில் டெஸ்டிங் என்றால் என்னடா என்று கேட்டேன். இன்னொருத்தன் எழுதினதில் தப்பு கண்டுபிடிப்பது என்றாய். அப்படியென்றால் செக்கிங் என்றேன், சிரித்தாய். அது சிரிக்கிற விஷயமே இல்லை. எங்கள் கிளையில் லெட்ஜரை ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்த்து இனிஷியல் போட வேண்டும். லெட்ஜர் போய், எல்லாக் கிளையையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்த பிறகும் என்ட்ரி போடுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் வேறொருவர். மேக்கர், செக்கர் என்பார்கள். எத்தனை மிஷின் மாறினாலும் அந்த இரண்டு பேரை யாரும் ஒருவராக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது, இப்போது ஏஐயே கோட் எழுதுகிறது, அதற்கான டெஸ்ட்டையும் அதுவே எழுதுகிறது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அன்றைக்கே கேட்கத் தோன்றியது. எழுதினதே தன்னைச் சரி பார்த்துக்கொண்டால் இனிஷியல் யாருடையது? எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் முதல் ரிமார்க்கே அதுதான் விழும். நாளைக்கு யாரோ ஒருவருடைய பணம் தப்பான கணக்குக்குப் போனால் மிஷினைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. அந்த இடத்துக்கு ஆள் தேவைப்படும். பத்துப் பேர் பார்த்த இடத்தில் இரண்டு பேர் என்று குறையலாம், அது எனக்கும் தெரிகிறது. அந்த இரண்டு பேரில் நீ இருக்க வேண்டும். அதற்கு என்ன படிக்க வேண்டுமோ படி. இரவு முழித்து அல்ல, பகலில் படி. பகலில் நேரம் இருக்கும்தானே.

நம் இரண்டு குடும்பத்திலும் முதலில் பாஸ்போர்ட் எடுத்தவன் நீ. என் ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் மேனேஜர் என் சர்வீஸைப் பற்றி இரண்டு வரி பேசிவிட்டு உன்னைப் பற்றித்தான் பேசினார். எனக்கு அதில் பெருமை தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் இவ்வளவு கெட்டிக்காரனுக்கு, பாங்கில் காலம் தள்ளின அம்மா பாஸ்புக் பார்ப்பாள் என்று தோன்றாமல் போனதே.

பார்த்தேன். 5ஆம் தேதி போகிற இஎம்ஐ இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருக்கிறது, ஒரு தடவை அபராதத்தோடு. உன் சம்பளம் வருகிற கணக்கு வேறு, அதை நான் பார்க்க முடியாது. நான் எதுவும் கேட்கவில்லை.

உன் மனைவிக்காவது தெரியுமா? போனில் என்னிடம் எப்போதும் போலத்தான் பேசுகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கிறாயா? வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடு.

கையெழுத்து இன்னும் போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தால், பிஎஃப் பணத்தை அவசரப்பட்டுத் தொடாதே. ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு நின்றுபோகும், அதனால் பிள்ளைக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று உடனே எடு. பாலிசி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதே. அப்பாவிடம் எப்போது சொல்வது என்று நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு பிபி மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்.

அடுத்த இஎம்ஐக்கு என் பென்ஷனிலிருந்து அந்தக் கணக்கில் பணம் போட்டுவிட்டேன். எஸ்எம்எஸ் வந்திருக்கும். தவறுதலாக வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பி வைக்காதே.

அம்மா