மலையேறும் சைக்கிளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். வயது 51. சர்க்கரை எட்டிப் பார்த்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து அலுத்துப்போய், வீட்டில் சும்மா கிடந்த மகனுடைய கியர் சைக்கிளை எடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. இப்போது 22 பேர் உள்ள ஒரு சைக்கிள் குழுவுக்கு நான்தான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாரிடமும் பணம் வசூலிப்பது, யாருக்கு முட்டை ஆகாது என்று நினைவில் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

வருடத்தில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் மலைக்குப் போவோம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, முதலில் போய்ச் சேர்ந்தவருக்குக் கூடுதலாக ஒரு வடைகூடக் கிடையாது. குழுவில் ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், மெஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் என்று பல வகை. இரண்டு நாள் மலையில் ஓட்டி, சேர்ந்து சாப்பிட்டு, கதை பேசிவிட்டு வருவோம். இதற்கு ஏற்பாடு செய்வதில் எனக்குச் சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் தொல்லை இல்லை. எந்தப் பாதையில் போகலாம், எதில் போகக் கூடாது என்று கேட்க ஓர் இடம் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன முறை பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்குப் போனோம். மழை நின்றிருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது என்பதால் தை மாதம். மாசிக்கு மேல் காட்டுத் தீ பயம் வந்துவிடும். சைக்கிள்களை இரண்டு குட்டியானைகளில் ஏற்றினோம். ஏற்றுவதே ஒரு கலை. ஒரு சைக்கிளின் ஹேண்டில்பார் அடுத்ததன் சட்டத்தில் உரசினால் மலை வருவதற்குள் பெயின்ட் போய்விடும். அதனால் ஒன்றை முன்பக்கமாகவும் அடுத்ததைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றி நிறுத்தி, நடுவில் பழைய போர்வையும் அட்டைப்பெட்டியும் செருகி, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். வண்டிக்காரத் தம்பி முதல் வருடம் "எதுக்குக்கா பாப்பாவைத் தூங்க வைக்கிற மாதிரி பண்றீங்க" என்று சிரித்தான். இப்போது அவனே வீட்டிலிருந்து போர்வை கொண்டுவருகிறான். ஆட்கள் காட்பாடியிலிருந்து வாணியம்பாடிக்கு ரயிலில். அங்கிருந்து ஆலங்காயம் வரை பெரிதாக ஏற்றமில்லை, அப்புறம் காவலூருக்கு ஏற்றம்.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டது நான் இல்லை, தையல்கார அண்ணன். அவர்தான் எப்போதும் கடைசியில் வருவார். வேகமாக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் நின்று காத்திருப்பது வழக்கம்தானே. ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாங்க மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ற நேரத்துல அவங்க ரெஸ்ட் முடிஞ்சு கிளம்பிடறாங்கம்மா. நாங்க எப்பத்தான் தண்ணி குடிக்கிறது?" அன்றைக்கு வரை அது என் மண்டையில் ஏறவே இல்லை. இப்போது கடைசி ஆள் வந்து, இறங்கி, தண்ணீர் குடித்து, அவரே "போலாம்" என்று சொன்ன பிறகுதான் யாரும் பெடலில் கால் வைக்கலாம். கடைசியில் வருகிறவருக்குத் துணையாக நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் போக வேண்டும், அதுவும் முறை வைத்து மாற்றி மாற்றி. வழியில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துவிடுவேன். சனி, ஞாயிறில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் ஏற்பாடு செய்யும் பயணங்களில் இது எப்படியோ மறந்துபோகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் டயரைக் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். தார் ரோட்டுக்கு அது சரி. கூழாங்கல் பாதையில் அப்படிப் போனால் சைக்கிள் துள்ளும், திருப்பத்தில் வழுக்கும். மண்ணில் இறங்குவதற்கு முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். ரொம்ப இறக்கினால் கல்லில் மோதி டியூப் வெட்டுப்படும். ஆனால் எங்களுக்கு அதிக பஞ்சர் விழுவது மலையில் இல்லை. சீமைக்கருவேல முள் எல்லாம் அடிவாரத்துச் சமவெளியில்தான்.

அந்தப் பயணத்தில் ஒரே ஒரு கோளாறு. இரண்டாம் நாள் இறக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணின் பின்சக்கரத்தில் காய்ந்த குச்சி ஒன்று மாட்டி, 'டக்' என்று சத்தம். கியரை மாற்றும் கருவி செயினோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு இரண்டாக உடைந்திருந்தது. எடை முப்பது கிராம்கூட இருக்காது. சட்டம் வளைந்துவிடாமல் தான் உடைந்து காப்பாற்றுவதுதான் அதன் வேலையே. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு வேறு. 22 சைக்கிளில் ஒருவரிடமும் அவளுக்குப் பொருந்துவது இல்லை. ஆசிரியர் ஐயா செயினைக் கழற்றி, கியர் கருவியை ஒதுக்கிவிட்டு, செயினில் சில கண்ணிகளை எடுத்து நேராகப் பல்சக்கரத்தில் மாட்டிக் கொடுத்தார். ஒரே கியரில் மிதித்து அவள் போளூர் வரை வந்து சேர்ந்தாள். இப்போது எங்கள் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த வரி, "அவரவர் சைக்கிளின் ஹேங்கர் ஒன்று".

காவலூர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், 2.3 மீட்டர் விட்டத்தில் பெரிய தொலைநோக்கி. கணிதமேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கும் சிறுகோளை 1988இல் கண்டுபிடித்தது இங்கேதான். சனிக்கிழமை பார்வையாளர்களை விடுகிறார்கள் என்பதால் பயணத்தின் முதல் நாளை அதற்கேற்ப வைத்தேன். சாயங்காலம் அங்கிருந்து கிளம்பும்போது கல்லூரிப் பெண்களில் ஒருத்தி தன் சைக்கிளின் சிவப்பு விளக்கைக் கைக்குட்டையால் சுற்றினாள். கேட்டால், "நட்சத்திரத்துக்குக் கண் கூசுமாம் அக்கா" என்றாள். அன்றிரவு பக்கத்து ஊரில் ஒரு வீட்டு மாடியிலும் முற்றத்திலும் படுத்தோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மெஸ் அண்ணன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, செய்த அம்மாவிடம் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு கிலோ சாமை வாங்கினோம். தலைக்கு 1,850 ரூபாய் ஆனது, சாமை தனி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலையில் நாங்கள் ஓட்டியதில் முக்கால்வாசி தார் ரோடுதான். மலைக்கிராமங்களுக்கு நடுவில் அருமையான மண் பாதைகள் இருக்கின்றன. ஆனால் எது ஊராட்சிப் பாதை, எது எங்கே வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவது 1882ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு மலையில் எங்களுக்கு இது பட்டுத் தெரிந்தது. போனில் யாரோ ஓட்டிப் பதிவேற்றியிருந்த தடத்தைப் பார்த்துப் போனோம். வரைபடத்தில் பார்த்தால் அழகான பாதை. ஆனால் அது காட்டுத் தீ பரவாமல் இருக்கச் செடிகொடியை வெட்டி ஒதுக்கிய தீத்தடுப்புக் கோடு. வனக் காவலர் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி. கரடி நடமாடுகிற இடம் என்று பொறுமையாகவே சொன்னார். ஒன்பது கிலோமீட்டர் வந்த வழியே தள்ளிக்கொண்டு திரும்பினோம்.

அதனால் ஜவ்வாது மலைக்கு முன்பே கேட்டுவிட்டுப் போகலாம் என்று கிளம்பினேன். மலை ஒன்றுதான், மாவட்டம் மூன்று. காவலூர் திருப்பத்தூரில் வருகிறது, ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில். நான் ஏறி இறங்கிய அலுவலகங்களின் பெயர் வேண்டாம், ஓர் உரையாடலை மட்டும் சொல்கிறேன்.

"மவுண்டன் பைக்கிங்னு எழுதியிருக்கீங்க. பைக் எல்லாம் உள்ளே விட மாட்டோம்மா."

"பைக் இல்லை சார், சைக்கிள்."

"சைக்கிளா? சைக்கிள்ல எதுக்கும்மா மலைக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் 'மிதிவண்டி' என்று திருத்தி எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு மலையில் உறுமுகிற மோட்டார் சைக்கிள்காரர்களோடு எங்களையும் சேர்த்துவிட்டார்களோ என்னவோ.

நடந்து மலையேறுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை இப்போது இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி தீயில் சிக்கி 23 உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைக் கொண்ட திட்டமே வந்துவிட்டது. எளிது, மிதம், கடினம் என்று வகை பிரித்திருக்கிறார்கள், இணையத்தில் பதிவு, உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டி. என் அண்ணன் மகள் வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவு செய்துவிட்டுப் போய் வந்தாள். பார்க்க எனக்குப் பொறாமைதான்.

அதே பட்டியலில் சைக்கிளுக்கு என்று நாலைந்து பாதை சேர்த்தால் போதும். காட்டுக்குள் புதிதாக எதையும் வெட்டச் சொல்லவில்லை. மலைக்கிராமங்களை இணைக்கும் ஊராட்சி மண் பாதைகள் இருக்கின்றன. நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்குள் இலை ஏற்றும் வண்டிப் பாதைகள் இருக்கின்றன. கேரளத்தில் மானந்தவாடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே மலை சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். 2023இல் ஆசியப் போட்டியே பொன்முடியில் நடந்தது. எங்களுக்குப் போட்டி வேண்டாம், அதே மாதிரி ஒரு பாதை கிடைத்தால் போதும். வெளிநாட்டுப் பாதைகளில் பச்சை வட்டம் என்றால் சுலபம், நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கைதேர்ந்தவர்களுக்கு என்று பலகை வைத்திருப்பார்கள். தையல்கார அண்ணனுக்கு ஒரு பச்சை வட்டம் கிடைத்தால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

மழை பெய்து ஈரமாக இருக்கும்போது சைக்கிள் சக்கரம் பாதையைக் கீறிவிடும், அந்த நாட்களில் மூடட்டும். தீ காலத்தில் மூடட்டும். ஒரு நாளைக்கு இத்தனை சைக்கிள்தான் என்று எண்ணிக்கை வைக்கட்டும், கட்டணமும் வாங்கட்டும். கூட வருகிற வழிகாட்டி அந்த மலைக்காரராக இருந்தால் எங்களுக்கும் நல்லது. ஆனால் அவருக்கும் ஒரு சைக்கிள் கொடுத்துவிடுங்கள். நடந்து வந்தால் எங்களைப் பிடிக்க முடியாது, தையல்கார அண்ணனைத் தவிர.

இதைச் செய்ய வேண்டியவர்கள் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள்தான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஜவ்வாது மலைக்கிராமங்களில் இருக்கும் வாசகர்கள், எந்த மண் பாதையில் தடையில்லாமல் போகலாம் என்று உங்கள் கடிதப் பகுதிக்கு இரண்டு வரி எழுதினாலும் உதவியாக இருக்கும். வரும் தை மாதப் பயணத்துக்கு இன்னும் வழி முடிவாகவில்லை. குட்டியானைத் தம்பி தேதி கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் குழுவின் செயலாளர்,
வேலூர்.