அறுவைப் பட்டியலைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ஐயாமார்களே, அம்மாமார்களே, வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் நம் கிளினிக்கைப் பற்றி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. “கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அங்கே காசு உள்ளவனுக்குத்தான் முதல் ஆப்பரேஷன்” என்கிறது. நானும் கேட்டேன். என் தகப்பனார் காலத்திலிருந்து எல்ஃபில், லிந்தாங் பக்கமிருந்து நம்மிடம் வருகிறவர்களின் காதிலும் அது விழுந்திருக்கும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேச்சு கிளம்பக் காரணமான அந்தச் செவ்வாய்க்கிழமை, குடலிறக்கத்துக்கு வந்த பெரியவரைப் பகல் இரண்டு மணி வரை பட்டினியோடு உட்காரவைத்தோம். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் நான்காவது ஆனார். ஏன் என்று அவருடைய மகளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் திரை ‘காத்திருக்கவும்’ என்று காட்டியது, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். தப்பு எங்களுடையது.

ஆனால் காசுக்காக யாரையும் முன்னால் தள்ளவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைசியாக இருந்த ஓர் அக்காள், ரப்பர் கையுறை பட்டாலே உடம்பு தடித்துவிடும் என்று மிஸியிடம் (நர்ஸிடம்) அப்போதுதான் சொன்னார். ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைத்த ஊரில் பலருக்கு இதைச் சொல்லவே தோன்றுவதில்லை. முந்திய அறுவைகளின் கையுறைத் தூசி அறையில் இல்லாத நேரத்தில், அதாவது முதல் ஆளாக அவரை எடுப்பதுதான் முறை. அடுத்து நான்கு வயதுப் பிள்ளை. அந்த வயதில் பசி தாங்காது. பிறகு இன்சுலின் போடும் ஓர் அம்மா. வெறும் வயிற்றில் அவருக்குச் சர்க்கரை 4.1 mmol/Lக்கு இறங்கியிருந்தது, இன்னும் இறங்கினால் ஆபத்து. மிஸி இவற்றைப் பதிந்ததும் மென்பொருள் வரிசையை மாற்றச் சொல்லிச் சிவப்புக் கோடு காட்டியது. அது யோசனை மட்டுமே சொல்லும். ‘சரி’ என்று அழுத்தியது என் விரல். அந்தத் திரையில் கட்டண விவரமே கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் வாருங்கள், பெயர்களை மறைத்துக் காட்டுகிறேன்.

பெரியவரின் முறை வந்தபோது இன்னொரு தடங்கல். அவருக்கான கருவித் தட்டின் பார்கோடை ஸ்கேன் செய்தால், நீராவியில் கிருமி நீக்கிய பதிவு முடிக்கப்படாமல் இருந்தது. முன்பெல்லாம் ஒட்டியிருக்கும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் தட்டைத் திறந்துவிடுவோம். அந்தக் கோடு சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது. ஆகவே 134 டிகிரியில் மறுபடியும் போட்டோம். காய்ந்து ஆறுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அந்தத் தட்டைத் திறக்காததற்கு நான் வருந்தவில்லை.

“பழைய மிஸி இருந்தபோது இப்படி நடந்ததா?” என்று கேட்கிறீர்கள். உண்மைதான், பத்தொன்பது வருடம் நம் அறுவைப் பட்டியல் முழுவதும் அவருடைய ‘555’ என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்திலும் மனத்திலும்தான் இருந்தது. யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் மயக்கம் தெளியும்போது வாந்தி எடுப்பார், எல்லாம் அவருக்குத் தெரியும். போன வருடம் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அங்கே கிடைக்கும் சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது. போகும்போது அந்தப் புத்தகங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாதி அவருக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்து. ஒருவர் போனால் எல்லாமே போய்விடும் என்று அன்றுதான் உறைத்தது.

செலாயாங் மருத்துவமனை 1999லேயே காகிதமில்லாமல் தொடங்கியது. நாம் சின்ன இடம், தாமதமாகத்தான் வந்தோம். உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் கொடுத்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலும் இந்த மென்பொருளில் இருக்கிறது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், அறையை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று இடத்தில் நின்று பார்க்கவேண்டும். எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்ததில், அறுவைக்குப் பிந்திய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியதாக 2009ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. உங்கள் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் மிஸி மூன்று முறை கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி வரிசை மாறினால் ஒரு மிஸி வெளியே வந்து காரணத்தை வாயால் சொல்வார். பட்டினி நேரத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுத் தருவோம். பொதுவாகச் சோறு, ரொட்டிக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். நள்ளிரவிலிருந்து எல்லாரும் ஒன்றாகப் பசித்திருக்க வேண்டியதில்லை. சாப்பிடும் மருந்துகளைப் பையோடு கொண்டுவாருங்கள், ஒவ்வாமை எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குரல்பதிவு வந்த மறுநாளே முருங்கைக்கீரையோடு வந்து, “டாக்டர், நாங்க நம்பல” என்று சொல்லிவிட்டுப் போன அம்மாவை நான் மறக்கமாட்டேன். அந்தப் பெரியவரும் தையல் பிரிக்க நம்மிடமே வந்தார். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் அறுவை இருக்காது, பதிவுக் கட்டணமும் 30 ரிங்கிட் கூடும். மற்றபடி கிளினிக் வழக்கம்போல் காலை எட்டரைக்குத் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்